பாதத்தில் ஆணி, முள் குத்தினால்: தோட்டத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் காலில் எதையாவது ஏற்றிக்கொள்ளாத ஆள் கிடையாது. செம்பனை மட்டையின் முள், இடித்துப் போட்ட பழைய லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பலகையில் நீட்டிக்கொண்டு நிற்கும் துருப்பிடித்த ஆணி, கோழிக்கூண்டுக் கம்பி, திருவிழா முடிந்த மறுநாள் கோயில் வாசலில் கிடக்கும் சிரட்டைச் சில்லு என்று குத்துவதற்குப் பஞ்சமே இல்லை. குத்தியதும் பிடுங்கி எறிவோம், மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றுவோம், மறுநாள் காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்விடுவோம். பெரும்பாலும் ஆறியும் விடுகிறது. ஆறாமல் போகிற மிச்சத்துக்குத்தான் இந்த வழிகாட்டி.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அரிவாள் வெட்டோடு வந்தவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இருந்ததில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் லயமே கூடிவிடும். கழுவி, கட்டி, வேனில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வெட்டு வாய் திறந்து கிடப்பதால் அழுக்கும் ரத்தத்தோடு வெளியே வந்துவிடும். குத்துக்காயத்துக்கு அந்த யோகம் இல்லை. மேலே பார்த்தால் ஒரு புள்ளி. உள்ளே அது எலும்பு வரைக்கும் போயிருக்கலாம். மேல்தோல் ஒன்றிரண்டு நாளில் மூடிக்கொள்ளும். உள்ளே போன மண், செருப்பு ரப்பர்த் துணுக்கு, காலுறை நூல் எல்லாம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும்.

அதனால் காயத்தின் அளவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குத்தியது எது, எவ்வளவு ஆழம் போனது, போனது முழுசாக வெளியே வந்துவிட்டதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாத காயம்தான் பின்னால் தொல்லை கொடுக்கும்.

முதலில்: உட்காருங்கள், பாருங்கள்

குத்திய இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். நொண்டிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தால் உள்ளே இருக்கும் துண்டு இன்னும் ஆழமாகப் போகும். செருப்பையோ பூட்ஸையோ மெல்லக் கழற்றி அதன் அடிப்பாகத்தையும் பாருங்கள். ஆணி எந்த இடத்தில் துளைத்து ஏறியிருக்கிறது, எவ்வளவு நீளம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

குத்திய பொருள் கையோடு வந்துவிட்டால் அதைத் தூக்கி எறியாதீர்கள். நுனி இருக்கிறதா, முறிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடியானால் ஓரம் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் கிளினிக்கில் பாதி விசாரணை மிச்சம். ‘என்னமோ குத்துச்சு ஐயா, வீசிட்டேன்’ என்று வந்து நிற்பவருக்கு வைத்தியம் பார்ப்பதைவிட, ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த ஆணியைப் போட்டுக்கொண்டு வருபவருக்குப் பார்ப்பது எவ்வளவோ சுலபம்.

பாதத்தில் எந்த இடம் என்பதும் முக்கியம். விரல்களுக்குக் கீழே, நடக்கும்போது ஊன்றுகிற அந்த முன்பாதத்தில் குத்தினால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே எலும்பும் மூட்டும் தசைநாரும் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன. உடம்பின் பாரமும் அங்கேதான் விழுகிறது. குதிகாலில் ஆழமாக ஏறினாலும் குதியெலும்பைத் தொட்டிருக்க வாய்ப்பு உண்டு. நடுப்பாதத்து உள்வளைவு இவற்றைவிடக் கொஞ்சம் தேவலாம்.

பிடுங்குவதா, விடுவதா?

மேலோட்டமாக ஏறிய சிறு முள், சிம்பு, மெல்லிய கம்பி ஆகியவற்றை நீங்களே எடுக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சிமிட்டாவை (முள்வாங்கியை) ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, எந்தச் சாய்வில் உள்ளே போனதோ அதே சாய்வில் இழுங்கள். நேர்செங்குத்தாக இழுத்தால் முறியும்.

நீண்ட ஆணியோ இரும்புக் கம்பியோ ஆழமாக ஏறி, இழுத்தால் அசையாமல் இறுகி நின்றால் விட்டுவிடுங்கள். எலும்பில் ஏறியிருக்கலாம், ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டும் நிற்கலாம். அது அசையாதபடி இரண்டு பக்கமும் சுருட்டிய துணியை வைத்துக் கட்டி, காலை ஊன்றாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பலகையோடு சேர்த்துக் குத்தியிருந்தால், முடிந்தால் பலகையைச் சுற்றி அறுத்துவிட்டு ஆணி இருந்த மேனிக்கே கூட்டிப் போங்கள். வாகனம் கிடைக்கவில்லை, ரத்தமும் நிற்கவில்லை என்றால் 999 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஊக்கையோ பிளேடையோ கொண்டு தோண்டாதீர்கள். தோண்டி எடுத்ததாகச் சொல்லி வருகிறவர்களில் பலருக்கு வெளியே வந்தது பாதி, இன்னும் உள்ளே தள்ளப்பட்டது மீதி.

கழுவுவது: இதில் அவசரம் கூடாது

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். இதைத்தான் எல்லாரும் அரை நிமிடத்தில் முடித்துக்கொள்கிறார்கள்.

ரத்தம் லேசாக வந்தால் சிறிது நேரம் வர விடுங்கள். கொஞ்சம் அழுக்கு அதோடு போகும். பிதுக்க வேண்டாம், வாயை வைத்து உறிஞ்சவும் வேண்டாம். ரத்தம் நிற்காமல் வந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது.

பிறகு குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் பாதத்தைக் காட்டுங்கள். குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரே போதும், விலை கொடுத்து வாங்கிய திரவம் எதுவும் தேவையில்லை. குறைந்தது 5 நிமிடம், மண்ணும் மாட்டுச் சாணமும் பட்ட காயமானால் 10 நிமிடம். சுற்றியுள்ள தோலைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். துளைக்குள் தண்ணீர் தானாக ஓடட்டும். தண்ணீரை விசையாகப் பீச்சி அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும், ஆகவே அது வேண்டாம். ஓடைத் தண்ணீர், கால்வாய்த் தண்ணீர், வெளியே வாளியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் எதுவும் கூடாது. வாளியில் காலை ஊறப் போடுவதும் நல்லதல்ல. தோல் ஊறி, அழுக்குத் தண்ணீரே காயத்துக்குள் போகும்.

ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வரும். பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் நல்ல தசையையும் அது சேர்த்துப் புண்ணாக்குகிறது. ஸ்பிரிட்டும் அப்படியே. அயோடின் மருந்தைச் சுற்றுத் தோலில் தடவிக்கொள்ளலாம், துளைக்குள் ஊற்ற வேண்டாம்.

இனி வீட்டு வைத்தியம். எனக்குப் பாட்டிமார்களோடு சண்டை போட ஆசையில்லை, ஆனால் காயத்தில் அப்பி வந்ததை எல்லாம் உட்கார்ந்து கழுவி எடுத்தவன் நான்: காப்பித் தூள், சுண்ணாம்பு, புகையிலைச் சாறு, பற்பசை, மண்ணெண்ணெய், அடுப்புச் சாம்பல். எதுவுமே துளையின் அடி வரைக்கும் போகாது. மேலே ஒரு மூடி போட்டுவிடும், அவ்வளவுதான். மூடி போட்ட காயம் உள்ளே சீழ் வைக்கும். எண்ணெயைக் காய்ச்சிச் சொட்டுவது, காசைச் சுட வைத்து ஒற்றுவது ஆகியவை குத்துக்காயத்தோடு ஒரு தீக்காயத்தையும் சேர்த்துக் கொடுக்கும். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவருக்கு இதைச் செய்தால் விரலே போகக்கூடும்.

கழுவி முடித்ததும் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, மேலே மெல்லிய காஸ் துணி வைத்துத் தளர்வாக ஒட்டுங்கள். காற்றே புகாதபடி பிளாஸ்டிக் பிளாஸ்டரை இறுக்கி ஒட்டாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை, நனைந்தால் உடனே, மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டால் வலியும் வீக்கமும் குறையும். வலிக்குப் பனடோல் போதும்: பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கலாம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிட்னி கோளாறோ இனிப்பு நீரோ உள்ளவர்கள் வோல்ட்டரன் போன்ற வலி மாத்திரையைக் கேட்காமல் விழுங்கக் கூடாது.

செம்பனை முள் ஒரு தனிக் கதை

குலை வெட்டும்போது மட்டையும் விழும். மட்டையின் அடிக்காம்பில் இரண்டு ஓரமும் வரிசையாக முள். காய்ந்துபோன மட்டையை மிதித்தால் அது ரப்பர் பூட்ஸையும் துளைத்துக்கொண்டு ஏறும், நுனி எளிதில் முறியும். முள்ளைப் பிடுங்கிப் பார்த்தால் முழுசாக இருப்பதுபோலவே தெரியும்; நுனி மட்டும் உள்ளே நின்றிருக்கும்.

இரும்பு உள்ளே இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். கண்ணாடியும் பெரும்பாலும் தெரிந்துவிடும். முள், மரச் சிம்பு, செருப்பு ரப்பர் ஆகியவை பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. ‘எக்ஸ்ரே கிளியர்’ என்று சொல்லி அனுப்பியதும் நிம்மதியாகப் போய்விடுகிறோம். அதற்கு அர்த்தம் ‘இரும்பு இல்லை’ என்பதுதான். வலி குறையாவிட்டால், ‘குத்தியது முள் டாக்டர், ஸ்கேன் பண்ணிப் பார்க்க முடியுமா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் முள் துண்டு பெரும்பாலும் பிடிபடும்.

முள் துண்டு மூட்டுக்குள்ளோ மூட்டை ஒட்டியோ நின்றுவிட்டால், கிருமி இல்லாமலேயே அந்த மூட்டு வீங்கிக்கொண்டு நிற்கும். முள்ளின் பொருளையே உடம்பு எதிர்த்துக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், வலி வரும், தணியும், மறுபடி வரும். அறுவடைக்காரர் ஒருவர், பெருவிரல் அடியில் வீக்கம் என்று வாத வலிக்கு மாத்திரை கேட்டு வந்தார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தியதும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் துள்ளினார். ‘முள்ளு ஏதாச்சும் குத்துச்சாண்ணே?’ என்றால், ‘அது போன தீபாவளிக்கு முன்னாடிலா!’ என்றார். ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தபோது வெளியே வந்தது கறுத்துப்போன ஒரு முள் நுனி. அவர் நினைத்ததுபோல் வாதமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே புள்ளியில் விடாத வலி இருந்தால், குத்தி எத்தனை நாள் ஆனாலும் பழைய முள்ளை நினைத்துப் பாருங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

டெட்டனஸ் ஊசி: துருவுக்கு அல்ல

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஊசி வேண்டும், முள்ளுக்கு வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை எங்கும் இருக்கிறது. துருவால் ரணஜன்னி (டெட்டனஸ்) வருவதில்லை. அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடந்தது என்பதாலேயே அதற்குக் கெட்ட பெயர். பளபளக்கும் புது ஆணியானாலும், முள்ளானாலும், தோட்டத்து மண் பட்டிருந்தால் ஆபத்து ஒன்றுதான். காற்று புகாத ஆழமான துளை அந்தக் கிருமிக்கு ரொம்பவும் வசதி.

கணக்கு இது. மலேசியாவில் பிள்ளைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் போடும் ஊசிகளில் டெட்டனஸும் சேர்ந்திருக்கிறது. பிறகு ஒன்றாம் ஆண்டில், 7 வயதில், ஒன்று. மூன்றாம் படிவத்தில், 15 வயதில், ஒன்று. அதற்குப் பிறகு பெரும்பாலான ஆண்கள் ஊசியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் போட்டிருப்பார்கள். அடிப்படை ஊசிகள் முழுசாகப் போட்டவருக்கு, அழுக்கான குத்துக்காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் இன்னொன்று வேண்டும். சுத்தமான சிறு காயத்துக்கு 10 வருடம் வரை போதும். தோட்டத்தில் படுகிற காயத்தைச் சுத்தமான காயம் என்று கணக்கு வைக்காதீர்கள்.

அடிப்படை ஊசியே போடாதவர், போட்டது நினைவில்லாதவர், மூன்றாம் படிவம் வரைக்கும் பள்ளிக்குப் போகாத பெரியவர்கள், ஊசிச் சீட்டு கையில் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஆகியோர் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தடுப்பூசியோடு, உடனே வேலை செய்கிற எதிர்ப்புப் புரத ஊசி ஒன்றும் தேவைப்படலாம். சொன்னால்தான் போடுவார்கள்.

ஊசியைக் குத்திய அன்றைக்கே போட்டுக்கொள்வது நல்லது. இரண்டு நாள் தவறிவிட்டால் ‘இனி எதற்கு’ என்று விட்டுவிடாதீர்கள், அப்போதும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த நோய் பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும். வாய் திறக்க முடியாமல் தாடை இறுகுவது, கழுத்து விறைப்பது, விழுங்கச் சிரமப்படுவது தெரிந்தால் தோட்டத்து டிரெசரிடமோ தனியார் கிளினிக்கிலோ நேரத்தை வீணாக்காமல் நேராக ஆஸ்பத்திரி.

யார் அன்றைக்கே போக வேண்டும்

வீட்டில் கழுவிக் கட்டிவிட்டுப் பார்க்கலாம் என்பது மேலோட்டமான, சுத்தமான, முழுசாக வெளியே வந்துவிட்ட முள்ளுக்குத்தான். இவர்கள் அன்றைக்கே கிளினிக் போக வேண்டும்: செருப்பையோ சப்பாத்தையோ துளைத்துக்கொண்டு ஆணி ஏறியவர்கள், நுனி முறிந்துவிட்டது என்று சந்தேகப்படுபவர்கள், விரலை அசைக்க முடியாமலோ மரத்துப்போயோ இருப்பவர்கள், சாணம், சாக்கடை, சேறு பட்ட காயக்காரர்கள், இனிப்பு நீர், கிட்னி நோய், கால் ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையோ புற்றுநோய் மருந்தோ எடுப்பவர்கள், சிறு பிள்ளைகள்.

அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) தான். மருந்தும் அதிலேயே அடக்கம். ‘ஊசிக்கு எவ்வளவு கேப்பாங்களோ’ என்று தயங்கி நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். இரவு நேரமானால் சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. எலும்பு டாக்டர் பார்க்க வேண்டிய காயமானால் அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி போகும். மரத்துப்போக ஊசி போட்டு, தேவையானால் துளையின் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தி, நன்றாகக் கழுவி, கண்ணில் படும் துணுக்குகளை எடுப்பார்கள். எக்ஸ்ரே எடுக்கலாம். குத்துக்காயத்தைப் பெரும்பாலும் தைக்க மாட்டார்கள். தைத்தால் அழுக்கை உள்ளே வைத்து மூடியதாகும். ‘தைக்காமலேயே அனுப்பிட்டாங்க’ என்று கோபப்படாதீர்கள்.

எல்லாக் காயத்துக்கும் கிருமிக்கொல்லி மாத்திரை தேவையில்லை. கொடுத்தால் சொன்ன நாள் வரைக்கும் முழுசாகச் சாப்பிட வேண்டும். போன மாதம் தம்பிக்குக் கொடுத்த மாத்திரையில் மிச்சம் இருக்கிறதே என்று அதை விழுங்குவது இரண்டு வகையில் கெடுதல்: குத்துக்காயத்துக் கிருமிக்கு அது சரியான மருந்தாக இல்லாமல் போகலாம்; மேலே வீக்கத்தைக் கொஞ்சம் தணித்து, உள்ளே நடப்பதை மறைத்தும் விடலாம்.

பிள்ளைகளின் விளையாட்டுச் சப்பாத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் அடியில் இருக்கும் மெத்தென்ற நுரை ரப்பர் வியர்வையிலும் மழையிலும் நனைந்து ஈரமாகவே கிடக்கும். சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு அந்த ஈரம் பிடிக்கும். ஆணி அந்த நுரையைத் துளைத்து ஏறும்போது கிருமியையும் நுரைத் துணுக்கையும் எலும்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சாதாரணக் காயத்துக்குக் கொடுக்கும் பல மாத்திரைகள் அதன் மேல் வேலை செய்யாது. அதனால்தான் ‘சப்பாத்து போட்டிருந்தானா?’ என்று டாக்டர் கேட்கிறார். சப்பாத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

அடுத்த நாட்கள்: வலி எந்தப் பக்கம் போகிறது?

முதல் நாள் வலிக்கும், இரண்டாம் நாள் ஊன்றினால் வலிக்கும். மூன்றாம் நாளில் குறைந்துகொண்டு வர வேண்டும். குறையாமல் ஏறினால் காத்திருக்காதீர்கள்.

காயத்தைச் சுற்றிச் சிவப்பு இருந்தால், அந்தச் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் கிளம்புங்கள். நம்முடைய நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. அப்படியானால் புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், மற்ற பாதத்தோடு ஒப்பிட்டு வீக்கத்தையும் தோலின் பளபளப்பையும் பாருங்கள். சீழ், நாற்றம், காய்ச்சல், குளிர் நடுக்கம், பாதத்திலிருந்து மேலே ஏறும் சிவப்புக் கோடு, தொடையிடுக்கில் நெறி கட்டுவது ஆகிய எல்லாமே உடனே போக வேண்டிய அடையாளங்கள். தோலை அழுத்தினால் உள்ளே நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ, தோல் கறுத்துக் கொப்பளித்தாலோ மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஏமாற்றுகிற வகை ஒன்று உண்டு. காயம் ஆறிவிடும், பிள்ளை ஓடி விளையாடும். ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் வலி திரும்ப வரும், நொண்டுவான். காய்ச்சல்கூட இருக்காது. எலும்பில் கிருமி இறங்கினால் இப்படித்தான் நடக்கும். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில்கூட அது தெரியாமல் போகலாம். ‘விளையாட்டுல பிடிச்சுக்கிட்டிருக்கும்’ என்று எண்ணெய் தடவி உருவிவிடாமல், முன்பு ஆணி குத்திய கதையைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. நம் இந்தியச் சமூகத்தில்தான் அது அதிகம். தோட்டத்து லயத்தில் எந்த வரிசையில் கதவைத் தட்டினாலும் மெட்ஃபோர்மின் பாக்கெட் இருக்கும்.

வருடக்கணக்கில் சர்க்கரை ஏறியிருந்தால் பாதத்தின் உணர்ச்சி நரம்பு செத்துப்போகிறது. பிரஷர் மருந்து வாங்க வந்த அக்கா ஒருவர் நடந்து வரும்போது சிமெண்டுத் தரையில் ‘டிக், டிக்’ என்று சத்தம். ‘அக்கா, அந்தச் சிலிப்பரைக் கழட்டுங்க, பார்ப்போம்’ என்றேன். அடியில் ஆணியின் கொண்டை தேய்ந்து வெள்ளியாக மின்னியது, அதன் மறுமுனை பாதத்துக்குள். கழற்றும்போதுகூட அவருக்கு வலிக்கவில்லை. ‘எப்பக் குத்துச்சுன்னு தெரியலையே ஐயா’ என்றார். ஆணி தேய்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் அன்றைக்குக் குத்தியது அல்ல.

ஆகவே இனிப்பு நீர் உள்ளவருக்கு ‘வலி இல்லை’ என்பது நல்ல செய்தி அல்ல. எவ்வளவு சின்னக் குத்தானாலும் அன்றைக்கே கிளினிக். தினமும் இரவில் படுக்கப் போகுமுன் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைக் காட்டலாம். அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். சப்பாத்துக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகே காலை நுழைக்க வேண்டும். காயம் இருக்கும்போது சர்க்கரை அளவு ஏறும். ஏறினால் காயம் ஆறாது. எனவே காயம் ஆறும் வரைக்கும் சர்க்கரையை அடிக்கடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நேர்த்திக்கடனுக்குக் காவடி எடுப்பவர்கள், தீமிதிப்பவர்கள் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். அதில் நான் தலையிடவில்லை. உணர்ச்சி குறைந்த பாதம் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். சிதறு தேங்காய் உடைத்த தெருவில் நடந்து முடித்ததும் ஒருவரை உட்கார வைத்து, இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

சேறும் தண்ணீரும் பட்டிருந்தால்

மழைக்காலத்தில் சேற்றில் நின்று காயம் பட்டால் இரண்டு நோயை மனதில் வைக்க வேண்டும்.

ஒன்று எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் தோலில் உள்ள வெடிப்பு வழியாகவே உள்ளே போகும். 2 முதல் 30 நாளுக்குள் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பது வரலாம்.

இன்னொன்று மெலியோய்டோசிஸ். அதன் கிருமி நம் நாட்டு மண்ணிலும் தண்ணீரிலும் இயல்பாகவே இருக்கிறது. 1912-இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்த நோய் இது. மறு வருடமே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஆய்வுக்கூட விலங்குகளிடம் கண்டார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் இது குறிவைத்துப் பிடிக்கும். காலில் ஆறாத கொப்புளமாகத் தொடங்கலாம். நுரையீரல், கல்லீரல் வரைக்கும் போய் உயிருக்கும் உலை வைக்கலாம். வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காது. வாரக்கணக்கில் ஊசி மருந்து, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.

காய்ச்சலோடு கிளினிக் போகும்போது ‘காலில் குத்துப்பட்டது, சேற்றில் நின்றேன், தோட்டத்தில் வேலை’ என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். டெங்கி என்று மட்டும் பார்த்து அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

கெளுத்தி மீன் முள் குத்தினால் கணக்கு வேறு, அதில் விஷம் உண்டு. முள்ளை எடுத்துக் கழுவியபின், தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 பாகை செல்சியஸ் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி நன்றாகக் குறையும். ஊற வைக்கக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விதிவிலக்கு. சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள்; உணர்ச்சி இல்லாத பாதத்தை வெந்நீரில் வைக்கவே கூடாது. வலி தணிந்தாலும் டெட்டனஸ் கணக்கு மாறாது.

வேலை நேரத்தில் நடந்தால்

தோட்டத்திலோ மில்லிலோ வேலையின்போது குத்தினால் அது பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சம்பந்தப்பட்ட விஷயம். சின்னக் காயம்தானே என்று கங்காணியிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மூன்று வாரம் கழித்து எலும்பில் சீழ் என்று படுக்கும்போது ‘வேலையில் பட்டது’ என்பதற்கு எந்தப் பதிவும் இருக்காது. அன்றைக்கே கங்காணியிடமும் ஆபீஸ் கிராணியிடமும் சொல்லுங்கள், தோட்டத்துக் கிளினிக் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கிளினிக்கில் ‘வேலையில் குத்தியது’ என்று சீட்டில் இருக்கட்டும். விபத்து தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாமல் டாக்டர் விடுப்பு கொடுத்திருந்தால், சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு தற்காலிக முடக்க உதவியாகக் கேட்கலாம். 2019 சனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து லயத்து வங்காளதேச, நேப்பாளத் தம்பிகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

மறுபடி குத்தாமல் இருக்க

மஞ்சள் அடி ரப்பர் சிலிப்பரை ஆணி ஒன்றும் மதிக்காது. சாதாரண ரப்பர் பூட்ஸும் பாம்புக்கும் சேற்றுக்கும்தான் நல்லது. அடியில் எஃகுத் தகடு வைத்த பாதுகாப்புப் பூட்ஸ்தான் ஆணியையும் முள்ளையும் நிறுத்தும். வாங்கும்போது விரல் பகுதியில் மட்டும் இரும்புத் தொப்பி இருக்கிறதா, அடியிலும் தகடு ஓடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள்; கடையில் பலரும் முதலாவதைத்தான் நீட்டுவார்கள்.

வெட்டிய மட்டைகளை நடக்கும் பாதையில் போடாமல் வரிசைக்கு உள்ளே அடுக்கச் சொல்லிக் கங்காணியை விடாமல் நச்சரியுங்கள். பழைய பலகையைக் கழற்றினால் ஆணியைப் பிடுங்கி ஒரு பால் டின்னில் போடுங்கள். பிடுங்க நேரமில்லை என்றால் சுத்தியால் தட்டி மடக்கியாவது விடுங்கள். கோயில் திருவிழா முடிந்த இரவே வாசலைக் கூட்டிவிட்டால், மறுநாள் காலை பந்து விளையாட வரும் பிள்ளைகள் சிரட்டையை மிதிக்க மாட்டார்கள். கூட்டுவதற்கு ஆள் வேண்டும் என்றால் முதல் நாளே பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பூசை முடிந்த பிறகு கேட்டால் எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பார்கள்.